பின்சில்லுப் பக்கத்துச் சத்தம்

தம்பி,

கோயில் வாசலில் ஊர்ச் சனம் பார்த்துக்கொண்டு நிற்க, எங்கள் ஜீப்பின் டிக்கிக்குள் நான் முழங்கால் இரண்டும் நாடியில் முட்ட மடங்கிக் கிடந்தது உண்மைதான். கட்டாரிலிருந்து வந்து இறங்கியதும் இந்தக் கதையைத்தான் நீ முதலில் கேட்பாய். நான் குடித்துவிட்டு உள்ளே நித்திரையாகிப் போனேன் என்று ஒருவன் சொல்வான். உன் அம்மா என்னைப் பிடித்துப் பூட்டி வைத்தாள் என்று இன்னொருவன் சொல்வான். அதனால்தான் நானே முந்திக்கொண்டு எழுதுகிறேன். நடந்தது இவ்வளவுதான். வாகனத்தின் பின்பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. ஓட்டுகிறவனுக்கு அது எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பிடிபடாது. ஓட்ட ஒருவர், காது கொடுத்துக் கேட்க ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும். உன் மனைவி ஜெசிந்தா ஓட்டினாள். நான் டிக்கிக்குள் படுத்து ஒரு காதைத் தகரத்தில் ஒட்டி, மற்றக் காதைக் கையால் பொத்தியிருந்தேன். கோயிலடியில் பங்குச் சுவாமியார் கையைக் காட்டி மறித்திருக்கிறார். மெழுகுதிரிப் பெட்டி இரண்டை ஏற்றிப்போக வேண்டுமாம். மருமகள் மரியாதைக்கு நிறுத்தினாள். சுவாமியார் பெட்டியோடு வந்து, யாரையும் கேட்காமல் பின்கதவைத் தூக்கினார்.

“ஆண்டவரே! என்ன இஞ்ச செய்யிறியள்?”

“தோத்திரம் சுவாமி. சத்தம் கேக்கிறன்,” என்றேன், படுத்தபடியே.

“பூசைக்கு வந்து கேட்டிருக்கலாமே. அங்கையும் கடைசி வாங்குப் பலகையிலதானே இருக்கிறனீங்கள்.”

பூசை முடிந்து வந்த சனம் முழுக்கச் சிரித்தது. ஜெசிந்தாவும் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததை இப்போது அடிக்கடி நினைக்கிறேன். ஏனென்றால் அதற்குப் பிறகு கொஞ்ச நாளிலேயே, பிள்ளைத்தாச்சியான அவளை இந்த வீட்டை விட்டுத் தன் தாய் வீட்டுக்குப் போக வைத்தவன் நான். அவள் அரிப்பு ஊருக்கு, தாய் வீட்டில் சும்மா நின்றுவிட்டு வரப் போனாள் என்று அம்மா உனக்குத் தொலைபேசியில் சொன்னது பொய். அந்தப் பொய்யைச் சொல்லச் சொன்னவனும் நான்தான். தூரத்தில் இருக்கிற உன்னைக் கலக்கக் கூடாதென்று ஜெசிந்தாவும் வாய் திறந்திருக்க மாட்டாள். நீ தூர தேசத்தில் வேர்வை சிந்திக்கொண்டிருக்க, உன் குடும்பத்தை இங்கே நான் ஒரு கிரீச்சுச் சத்தத்துக்காக உடைக்கப் பார்த்தேன். அதை வேறு யாரும் உனக்குச் சொல்லக் கூடாது. நானே சொல்கிறேன்.

அந்த வாகனம் வந்த நாள் உனக்குத் தெரியாது. நீ அங்கிருந்து ஒழுங்குபண்ணி, உன் மச்சான், ஜெசிந்தாவின் அண்ணன் றெஜி போய்ப் பார்த்து எடுத்துக்கொண்டு வந்தான். பிள்ளை பிறக்கும் நேரத்தில் ஓட்டோவுக்கும் வானுக்கும் ஓடித் திரியக் கூடாது, அம்மாவும் முழங்கால் வலியோடு பஸ்ஸில் தொங்கக் கூடாது என்று நீ நினைத்தது நல்ல நினைப்பு. தாழ்வுபாட்டு ஊரில் எங்கள் ஒழுங்கைச் சனம் முழுவதும் வந்து பார்த்தது. கருவாடு காயப்போட்டிருந்தவர்களும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சுற்றிவந்தேன். முப்பது வருடமாக மீன் லொறி ஓடியவன் பார்க்கிறான் என்று எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். ரயரை உதைத்தேன். பொனற்றைத் திறந்து மணந்து பார்த்தேன். கீழே குனிந்து டோர்ச் அடித்தேன். கதவு ஒவ்வொன்றையும் சாத்தித் திறந்து காதைக் கொடுத்தேன். ஒரு குறையும் பிடிபடவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் எழும்பி நின்றேன். அன்றைக்கே எனக்குப் பிடிக்காமல் போனது அதுதான். ஏற்கெனவே ஆட்கள் ஓடிய வாகனம், ஒரு குறை இல்லாமல் இருக்குமா? இல்லையென்றால் யாரோ மறைத்திருக்கிறான். என் புத்தி அப்படித்தான் ஓடும்.

என் புத்தியை உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐஸ் கரைந்த பெட்டியைக் கரையாத பெட்டி என்று தள்ளப் பார்க்கிறவர்களோடும், முந்தநாள் மீனுக்கு மேலே இன்றைய மீனைப் பரப்புகிறவர்களோடும் சீவியம் நடத்தியவன் நான். உனக்கு ஞாபகம் இருக்கும், பள்ளிக்கூடக் காலத்தில் ஒரு தடவை கரைக்குப் போய் நீயாகவே பேரம் பேசிப் பாரைமீன் வாங்கி வந்தாய். முகமெல்லாம் பல்லாக வந்து நின்றாய். நான் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது நேற்றையான் மீன், உன்ர முழியைப் பாத்ததும் தந்திட்டாங்கள்” என்றேன். வீடே சிரித்தது. நீயும் சிரித்தாய். அதற்குப் பிறகு மீன் வாங்க அனுப்பினால் அம்மாவையும் கூட்டிக்கொண்டுதான் போவாய். புத்திசாலிப் பிள்ளை, துணைக்கு ஆள் பிடிக்கிறான் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

குறை கண்டுபிடிக்க முடியாத வாகனத்தை என்ன செய்யலாம்? கழுவலாம். நான் கழுவினேன், தம்பி. விடிய எழும்பித் தேத்தண்ணி குடிக்க முதலே கிணற்றில் அள்ளி அள்ளி ஊற்றுவேன். மேலே மட்டும் கழுவுகிறவர்கள் போல இல்லை. கீழே படுத்து, வயிற்றுப் பக்கம், சில்லுக்கு உள்பக்கம், அச்சுப் பக்கம் எல்லாம் பம்பில் குழாயைப் பூட்டிப் பீய்ச்சுவேன். பிறகு வெயிலில் விட்டுக் காய வைப்பேன். வெளிநாட்டிலிருந்து மகன் எடுத்துத் தந்த வாகனம் என்று வழியால் போகிறவர்கள் எல்லாருக்கும் கேட்க இருமிக்கொண்டு கழுவுவேன். அம்மா சொல்வாள், “என்னை ஒருநாளும் இப்பிடிப் பாத்ததில்லை” என்று.

கொஞ்சக் காலம் போனதும் சத்தம் தொடங்கியது. முதலில் கடலுக்குக் குறுக்கே போகிற தாம்போதியைத் தாண்டி மன்னார்ப் பக்கம் ஏறும்போது, றோட்டு ஏறி இறங்குகிற இடத்தில், பின்னால் இடது சில்லுப் பக்கத்தில் ஒரு கிரீச். எலிக்குஞ்சு மிதிபட்டது போல. பிறகு ஒவ்வொரு குழிக்கும் அந்தச் சத்தம். இன்னும் பெரிய விசயம் என்னவென்றால், காலையில் ஓடினால் ஒரு சத்தமும் கேட்காது. வெயில் ஏறினால் கத்தத் தொடங்கும். நான் அதை ஒரு வாகனச் சத்தம் என்று எடுக்கவில்லை. ஆள் பார்த்துக் கதைக்கிற சத்தம் என்று எடுத்தேன். விடியற்காலையில் வாயை மூடிக்கொண்டு கிடக்கிறதென்றால், றெஜியும் விடியற்காலையில்தான் இதைக் கொண்டுவந்து விட்டான் என்று என் மூளை இரண்டையும் முடிச்சுப் போட்டது.

ஆனால் உடனே அவனில் பாய்ந்துவிட்டேன் என்று நினைக்காதே. நான் முறைப்படிதான் சந்தேகப்பட்டேன். ஒரு நாள் உனக்கும் இந்த வேலை வரும், ஆகவே கேள். சத்தத்தைத் தேடுகிறவன் முதலில் வாகனத்துக்குள் ஆடக்கூடிய எல்லாவற்றையும் இறக்கிவிட வேண்டும். வாகனத்தைத் தூக்குகிற ஜக்கை இறக்கினேன். மீன் பெட்டியை இறக்கினேன். மேலதிகச் சில்லைக் கழற்றி மதிலோடு சாத்தினேன். சத்தம் போகவில்லை. கண்ணாடியில் தொங்கிய செபமாலையைக் கழற்றினேன்.

“மாதாவையும் சந்தேகப்படுறியளோ?” என்றாள் அம்மா.

“மாதாவை இல்லை. கொழுக்கியை.”

பிறகு அவளையும் இறங்கச் சொல்லிவிட்டு ஒருக்கால் ஓடிப் பார்த்தேன். அவள் இருந்து இறங்கியதும் சத்தம் வந்த அதே பின் இடது பக்கம். அது பிழையாகப் போய்விட்டது. “முப்பத்தஞ்சு வருசமா உங்களைத் தாங்கினனான், நான் ஒரு நாள் கத்தினனானோ?” என்று றோட்டிலேயே கேட்டாள். அந்த நேரம் பார்த்து றோட்டில் போன சைக்கிள்காரர் எல்லாரும் மெதுவாகப் போனார்கள். இதற்குப் பிறகுதான் டிக்கிக்குள் நானே ஏறிப் படுத்தேன். கோயிலடிக் கதை அப்போது நடந்தது. அவமானப்பட்டாலும் ஒன்று பிடிபட்டது. சத்தம் உள்ளே இல்லை, தகரத்துக்குக் கீழே இருந்தது. அச்சோடு ஒரு வளைந்த கம்பி போகும், திருப்பங்களில் வாகனத்தைச் சாயவிடாமல் பிடிக்கிற கம்பி. அதை இரண்டு பக்கமும் ரப்பர் புஷ் இறுக்கிப் பிடித்திருக்கும். அந்த ரப்பரில்தான் அழுகை.

ரப்பருக்கு எண்ணெய் விடக் கூடாது என்று தெரிந்தவர்கள் இதை வாசித்தால் கடிதத்தை மூடிவைத்துச் சிரிக்கலாம். எனக்கு அப்போது தெரிந்தது வள்ளத்துப் பலகை. பலகைக்குச் சுறா எண்ணெய் பூசினால் கடலே ஒன்றும் செய்யாது, ரப்பர் என்ன பெரிய ரப்பர் என்று நினைத்தேன். பக்கத்து வளவில் கேட்டு வாங்கி, ஊற ஊறப் பூசினேன். சத்தம் ஒரு நாள் நின்றது. நான் மீசையை முறுக்கினேன். மறுநாள் ரப்பர் பணியாரம் போல ஊதிப்போய், சத்தம் எலிக்குஞ்சிலிருந்து கழுதைக்கு மாறியது. இதற்கிடையில் ஊர்ப் பூனைகள் எல்லாம் ஜீப்புக்குக் கீழே குடிவந்துவிட்டன. ஜெசிந்தாவை மாதாந்தப் பரிசோதனைக்கு ஆசுப்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வாசலில் நின்ற காவலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு, “ஐயா, மீன் சந்தை அங்காலை,” என்று கையைக் காட்டினார். அவள் அன்றைக்கும் சிரித்தாள். அந்தப் பிள்ளைக்கு நல்ல பொறுமை, தம்பி. அதை நான் எல்லை வரைக்கும் அளந்து பார்த்துவிட்டேன்.

கடைசியில் மஜீதிடம் கொண்டுபோனேன். மறிச்சுக்கட்டி ஊர் மஜீதை உனக்குத் தெரியும், என்னோடு லொறி ஓடியவன், இப்போது வீட்டு வளவில் கராஜ் போட்டிருக்கிறான். அவனுக்கு என்னைப் போலவே எல்லாம் தெரியும். அதுதான் ஆபத்து. இரண்டு பேரும் கீழே படுத்தோம். வயிறுகள் இரண்டும் தகரத்தில் முட்டின. அவன் புஷ்ஷுக்குப் பக்கத்தில் இருந்த இரும்பைச் சுரண்டினான். வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு உதிர்ந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தான்.

“மச்சான், இது உப்பு!”

நானும் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பேதான்.

“இந்த வாகனம் எங்கயோ கடலுக்க இறங்கி நிண்டிருக்கு,” என்றான் மஜீத். “வெள்ளத்தில போன சாமான். பொலிஷ் அடிச்சு உங்கட தலையில கட்டிட்டாங்கள்.”

அவன் சும்மா வாயில் வந்ததைச் சொன்னான். நான் அதைத் தீர்ப்பாக எடுத்தேன். எனக்கு வேண்டியதும் அதுதானே. ஒரு குறையைத் தேடி அலைந்தவனுக்குக் குறையும் கிடைத்தது, குற்றவாளியும் கிடைத்தான். வீட்டுக்கு வந்து, தண்ணீர் கூடக் குடிக்காமல் றெஜிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“றெஜி, உண்மையைச் சொல்லும். உந்த வாகனம் கடலுக்க இறங்கினதுதானே?”

“என்ன மாமா சொல்லுறியள்?”

“நான் மீன் பெட்டியைத் தூக்கேக்கையே ஐஸ் கரைஞ்சதோ எண்டு சொல்லுற ஆள். என்னை ஏமாத்த ஏலாது. உப்பிலை ஊறின சாமானைத் துடைச்சுக்கிடைச்சு எங்களிட்டைத் தள்ளிவிட்டிட்டீர். பிள்ளைத்தாச்சியை ஏத்திற வாகனம் எண்டு நினைக்கேல்லையோ?”

“சரி மாமா. நான் வைக்கிறன்,” என்றான். வைத்துவிட்டான். குற்றம் உள்ளவன்தான் கதையை வளர்க்க மாட்டான் என்று நினைத்து நான் திரும்பினேன். பின்னால் ஜெசிந்தா நின்றாள். கொடியிலிருந்து எடுத்த உடுப்பு கையில் இருந்தது.

“என்ரை அண்ணன் கள்ளனோ மாமா?”

“நான் அப்பிடிச் சொல்லேல்லைப் பிள்ளை. உப்புத்தான் சொல்லுது.”

“உப்புக்கு வாய் இல்லை மாமா. கதைச்சது நீங்கள்.”

அவள் சத்தம் போடவில்லை. உடுப்பை மடித்தாள். என்னுடைய சேர்ட்டையும் மடித்துக் கதிரையில் வைத்தாள். தன்னுடையதை மட்டும் பையில் வைத்தாள். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று ஜீப்பின் திறப்பை எடுத்தேன். “கள்ளன் குடுத்த வாகனத்தில நான் ஏறேல்லை” என்றுவிட்டு, வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு சந்திக்கு நடந்தாள். அம்மா பின்னால் ஓடினாள். நீ எந்தப் பிள்ளை பஸ்ஸில் போகக் கூடாது என்று அந்த வாகனத்தை எடுத்துத் தந்தாயோ, அந்தப் பிள்ளை பஸ்ஸில் போனாள். ஜீப் முற்றத்தில் நின்றது. நான் திறப்போடு நின்றேன்.

அம்மா திரும்பி வந்து என்னோடு கதைக்கவில்லை. சோற்றைப் போட்டுவிட்டுக் கோப்பையைக் கொஞ்சம் பலமாக வைப்பாள், அவ்வளவுதான். “பிள்ளை பிறந்தா எங்க தூக்குவியள்? அவையின்ர படலைக்கு வெளியில நிண்டோ?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நான் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினேன். ஆனாலும் நான் பிழை என்று எனக்குத் தோன்றவில்லை, தம்பி. நாக்கில் வைத்துப் பார்த்த உப்பு பொய் சொல்லுமா? நீ வந்ததும் வாகனத்தைக் கழற்றிக் காட்டி, அப்பா சொன்னது சரி என்று உன் வாயால் சொல்ல வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நிலைமையிலும் விடிய எழும்பி வாகனத்தைக் கழுவுவதை விடவில்லை. சந்தேகம் வேறு, சுத்தம் வேறு.

அப்படிக் கழுவிய ஒரு நாள், கால் வைக்கிற கறுப்பு ரப்பர் விரிப்புகளையும் எடுத்துக் கழுவி மதிலில் காயப் போட்டேன். மத்தியானம் எடுக்கப் போனால், கறுப்பு விரிப்பு நரைத்துக் கிடந்தது. யாரோ மாவைத் தூவியது போல. நான் விரலால் தொட்டேன். பிறகு ஏன் என்று தெரியாமலே நாக்கில் வைத்தேன். மறிச்சுக்கட்டியில் மஜீதோடு ருசித்த அதே உப்பு. என் கிணற்றை எட்டிப் பார்த்தேன்.

எங்கள் கிணறு சவர்த் தண்ணீர் என்று இந்த ஊரில் தெரியாதவன் நான் ஒருவன்தான் போல. தெரியாதவன் என்று சொல்ல முடியுமா? சவர்க்காரம் நுரைக்காத தண்ணீர். குடிக்கிற தண்ணீரை வேறு இடத்திலிருந்து குடத்தில் கொண்டுவருகிறோம். தலை முழுகினால் மயிர் தும்புத்தடி போல நிற்கும் என்று உன் அம்மா பேசாத நாள் இல்லை. வாய்க்கு ஆகாது, தலைக்கு ஆகாது என்று தெரிந்த தண்ணீரை இரும்புக்கும் ரப்பருக்கும் அள்ளி அள்ளி ஊற்றினேன். லொறி ஓடிய காலத்தில் நான் அதை ஒருநாளும் வீட்டில் கழுவியதில்லை. வழியில் வன்னிக் குளக்கரைகளில் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் மன்னார்த் தீவுக்குள் வருவேன். அது வெறும் பழக்கமாகிப் போனதால், ஏன் அப்படிச் செய்தேன் என்று யோசிக்கவே இல்லை. கழுவின ஈரத்தில் ரப்பர் சத்தம் போடாது. ஈரம் காய உப்புப் பூத்து, இரும்புக்கும் ரப்பருக்கும் நடுவில் மணலாகி அரைக்கும். ஒவ்வொரு காலையும் நானே சத்தத்தை வைத்தேன். ஒவ்வொரு மத்தியானமும் நானே அதற்குக் கள்ளனைத் தேடினேன்.

மஜீதிடம் போய்ச் சொன்னேன். அவன் சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து விழப் பார்த்தான். “மச்சான், கடல் உன்ர வளவுக்குள்ளதான் இருந்திருக்கு!” என்றான். கடலுக்குள் இறங்கிய வாகனம் என்று முதலில் சொன்னது யார் என்று நான் கேட்டேன். “நான் சொன்னனான்தான். நீ என்னத்துக்கு என்ர கதையை நம்பினனீ? இவ்வளவு காலமா நம்பினனீயோ?” என்றான். அவனுடைய வளவில் நல்ல தண்ணீரால் கீழ்ப்பக்கம் முழுவதும் கழுவினோம். கம்பியைக் கழற்றி, இரும்புக் கறளைத் தேய்த்து, புதுப் புஷ் போட்டோம். ரப்பருக்கென்று விற்கிற பசையைத்தான் பூசினோம். இனி நீ எந்த வாகனம் வைத்திருந்தாலும் அதையே பூசு. பூனைகள் எங்கள் வளவை விட்டுப் போய்விட்டன.

பிறகு அரிப்புக்குப் போனேன். அம்மா வருகிறேன் என்றாள். வேண்டாம், வெட்கத்தைப் பங்கு போட ஏலாது என்று சொல்லிவிட்டுத் தனியே போனேன். அந்த வழி முழுவதும் ஜீப் ஒரு சத்தமும் போடவில்லை. சத்தம் இல்லாமல் போவது எனக்கு அன்றைக்கு ஆறுதலாக இல்லை. றெஜி தன் கடைக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டிருந்தான். என்னைக் கண்டதும் எழும்பி, கதிரையை இழுத்துப் போட்டான். மரியாதை குறைக்கவில்லை. நான் அதில் இருக்காமல் நின்றேன்.

“றெஜி, உப்பு என்ரை கிணத்து உப்பு. நான்தான் ஊத்தினனான். உம்மைக் கள்ளன் எண்டு சொன்னது பிழை. உம்மட கொம்மாவுக்கு முன்னாலையும் சொல்லுறன்.”

அவன் கையில் இருந்த கிறீஸைத் துணியில் துடைத்தான். மெல்ல மெல்லத் துடைத்தான்.

“மாமா, அந்த வாகனத்துக்கு முதல் நான் எத்தினை வாகனத்தை வேண்டாமெண்டு விட்டனான் தெரியுமோ? உங்கட மகன் எனக்கு ஒண்டே ஒண்டுதான் சொன்னவன். ‘மச்சான், அப்பா பாத்தா ஒரு குறையும் சொல்ல ஏலாத வாகனமாப் பார். அவர் ஏதும் சொல்லிட்டா பிறகு எனக்கு அதில ஏற மனம் வராது.’ நானும் அலைஞ்சு அலைஞ்சு பாத்தன். வாகனம் வந்த அண்டைக்கு, நீங்கள் சுத்திச் சுத்திப் பாத்திட்டு ஒண்டும் சொல்லேல்லை எண்டு ஜெசி அவனுக்குப் போன் எடுத்தவ. அண்டைக்கு அவன் அங்க ரூமில இருக்கிற பெடியள் எல்லாருக்கும் சாப்பாடு எடுத்துக் குடுத்தவனாம்.”

நான் அப்போதுதான் கதிரையில் இருந்தேன். அவனுடைய தாய் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். குடித்தேன். சீனி போட்டிருந்ததா, போடவில்லையா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

ஜெசிந்தா பையோடு வெளியே வந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. “பிள்ளை, பிழை என்னில,” என்றேன். “தெரியும் மாமா. அது உங்களுக்கும் தெரியட்டும் எண்டுதான் நிண்டனான்,” என்றாள். பிறகு கையை நீட்டினாள். “திறப்பைத் தாங்கோ. நான் ஓட்டுறன்.” வயிறு ஸ்டியரிங்கில் முட்டும் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் கொடுத்தேன். இருக்கையைப் பின்னால் தள்ளிவிட்டுத் தாராளமாக இருந்து ஓட்டினாள். நன்றாகத்தான் ஓட்டுகிறாள். குறை ஒன்றும் இல்லை. இதை எழுத எனக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

இனி உனக்குச் சொல்ல வேண்டிய புத்தி ஒன்று இருக்கிறது. நீ தகப்பனாகப் போகிறாய். பிள்ளை ஏதாவது கொண்டுவந்து உன் முன்னால் வைத்தால், முதலில் கையில் வாங்கு. பிறகு பார்க்கலாம் அது நல்லதா இல்லையா என்று. நான் எப்போதும் முதலில் பார்த்தேன். பார்ப்பது என் வேலை என்று நினைத்தேன். லொறியில் அது சரி. வீட்டில் அது சரியா என்று ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வந்தவர்களை நான் பகிடி பண்ணி அனுப்பியிருப்பேன்.

அரிப்பைத் தாண்டி மன்னார்ப் பக்கம் வரும்போது கடல் காற்று நல்லாக அடித்தது. அவள் மெல்லிய குரலில் ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினாள். நீ ஒவ்வொரு நாளும் அவளோடு கதைக்கிறாய். என்னோடு கதைக்கும்போது வாகனம் எப்படி, அம்மாவின் முழங்கால் எப்படி, மழையா என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறாய். நீ என்னைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று யாருக்காவது தெரியுமென்றால் அவளுக்குத்தான் தெரியும். பாலம் வரைக்கும் கேட்கலாம் கேட்கலாம் என்று வந்தேன். ஒரு தடவை வாயையும் திறந்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள். “இந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கட்டோ?” என்று கேட்டேன். இறக்கினேன். அதற்குப் பிறகு நீ இரண்டு மூன்று தடவை தொலைபேசி எடுத்துவிட்டாய். “வாகனம் எப்பிடி அப்பா?” என்றாய். “நல்லம்” என்றேன். அவளிடமும் கேட்காதது, உன்னிடமும் கேட்காதது இதுதான்:

தம்பி, உனக்கு என்னட்டைப் பயமோ?